எஃப்1 ரேஸே ஓட்டாத ஆண்டி ப்ரியோ எப்படி மூன்று முறை உலக சாம்பியன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அம்பை கார்த்தி:

அஜித் 24 மணி நேர ரேஸுக்கு துபாய் போனதில் இருந்து எங்கள் ஹாஸ்டலில் ராத்திரி பேச்சு பூராவும் ஜிடி ரேஸ்தான், அதாவது ரோட்டில் விற்கிற ஸ்போர்ட்ஸ் காரை ரேஸுக்கு மாற்றி ஓட்டுவது. கார் ரேஸ் என்றால் எஃப்1 மட்டும்தான் என்று இருந்த பயல்கள் எல்லாம் இப்போது போர்ஷே கப் கார் என்ன விலை, டிரைவர் மாற எவ்வளவு நேரம் ஆகும் என்று அலசுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் ரூம்மேட் ஒருத்தன், வள்ளியூர்க்காரன், ஒரே பிடிவாதம். எஃப்1-ல் சீட் கிடைக்காதவன் போய் ஒதுங்குகிற இடம்தான் டூரிங் காரும் (நாம் வாங்குகிற மாதிரி சாதாரண கார்களை மாற்றி ஓட்டும் ரேஸ்) ஜிடியும் என்கிறான்.

அவனை மடக்கத் தேடியபோது கிடைத்த பெயர் ஆண்டி ப்ரியோ. பிரிட்டிஷ் டிரைவர். 2004-ல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன், அப்புறம் 2005, 2006, 2007 என்று வரிசையாக உலக டூரிங் கார் சாம்பியன், அதற்குப் பிறகு பிஎம்டபிள்யூவிலும் ஃபோர்டிலும் ஜிடி ரேஸ். இதைவிட என்ன வேண்டும் என்று 2006 புள்ளிப் பட்டியலை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். அவன் அதை வைத்தே என்னைத் திருப்பி அடித்துவிட்டான். மொத்தம் 20 ரேஸ், ஜெயித்தால் ஒரு ரேஸுக்கு 10 புள்ளி, சாம்பியன் எடுத்தது வெறும் 73. "கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கைக் கோட்டை விட்டவன் எப்படிலே உலக சாம்பியன்?" என்று கேட்கிறான். போதாக்குறைக்கு முதல் பெரிய பட்டம் வாங்கும்போது ப்ரியோவுக்கு 31 வயது. அந்த வயதில் எஃப்1-ல் பாதிப்பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று வேறு ஒரு குத்து.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த ஆள் நிஜமாகவே பெரிய டிரைவரா, இல்லை விதிமுறையால் ஜெயித்தவரா? கடைசியில் ஜிடிக்குப் போனது ரிட்டயர்மென்ட் வேலை மாதிரியா? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார், அக்காமார் கொஞ்சம் விளக்கமாக எழுதினால் நல்லது, அவனுக்கு அப்படியே வாசித்துக் காட்டவேண்டும்.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:

தம்பி, உன் ரூம்மேட்டுக்கு முதலில் ஒரு வரைபடத்தைக் காட்டு. ப்ரியோ பிறந்தது 1973-ல், கெர்ன்சி தீவில். பிரான்ஸ் கரைக்குப் பக்கத்தில் கடலுக்குள் கிடக்கிற சின்னத் தீவு, மொத்தப் பரப்பே 65 சதுர கிலோமீட்டர்தான், ஜனம் 60,000 சொச்சம். அந்தத் தீவில் எந்த ரோட்டிலும் மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். நாங்குநேரி நாலுவழிச் சாலையில் நம் ஊர் மினி லாரியே அதைத் தாண்டிப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்து கிளம்பிய ஆளிடம் போய் ஏன் 20 வயதில் எஃப்1-க்கு வரவில்லை என்று கேட்பது நியாயமா?

அந்தத் தீவில் இருந்த பெரிய பந்தயம் மலையேற்றப் பந்தயம். ஒரு நேரத்துக்கு ஒரு கார்தான், மேட்டுச் சாலையில் கீழிருந்து உச்சி வரைக்கும் கடிகாரத்தோடு போட்டி. செயின்ட் பீட்டர் போர்ட்டில் கடலோரத்தில் இருந்து மேலே ஏறுகிற வால் டெ டெர் என்ற சாலையில் இன்றைக்கும் நடக்கிறது, தூரம் ஒரு கிலோமீட்டர்கூட வராது. (மணிமுத்தாறில் இருந்து மாஞ்சோலைக்கு ஏறுகிற பாதையை யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அது புலிகள் காப்பகம், ரோடும் ரோடாக இல்லை.) ப்ரியோவின் அப்பாவும் அந்தப் பந்தயத்தில் ஓட்டியவர். மகன் 1995-ல் பில்பீம் காரில் பிரிட்டிஷ் மலையேற்ற சாம்பியனே ஆகிவிட்டார். ஒரு நிமிடத்துக்குள் முடிகிற ஓட்டம், டயர் சூடேற நேரம் கிடையாது, முதல் வளைவிலேயே முழு வேகத்தில் இருக்க வேண்டும். பிற்பாடு தகுதிச் சுற்றிலும் மக்காவ் மாதிரி சுவர் நெருக்குகிற தெருக்களிலும் அவருக்குக் கை கொடுத்தது இந்தப் பழக்கம்தான் என்பது என் கணக்கு.

அப்புறம் சர்க்யூட் ரேஸுக்கு வரவேண்டுமானால் இங்கிலாந்துக்குப் போயாக வேண்டும். கையில் காசு இல்லை. கேரவன் வண்டியில் குடியிருந்துகொண்டு ரேஸ் ஓட்டிய காலம் உண்டு. 1999-ல் பிரிட்டனில் ரெனோ ஸ்பைடர் என்று ஒரே மாதிரி கார்கள் ஓடும் தொடர், அதில் 13 ரேஸும் அவர்தான். பதிமூன்றுக்குப் பதிமூன்று! "புள்ளி பொறுக்கி ஜெயித்தவன்" என்கிற பேச்சுக்கு இந்த ஒரு வருடமே போதும், கார் சமமாக இருந்தால் என்ன செய்வார் என்று காட்டிவிட்டார். பிறகு ஃபார்முலா 3 ஓட்டினார், 2002-ல் பிரிட்டிஷ் டூரிங் கார் தொடரில் ஹோண்டா சிவிக், 2003-ல் இருந்து ஐரோப்பிய தொடரில் பிஎம்டபிள்யூ. வில்லியம்ஸ் எஃப்1 காரில் டெஸ்ட்கூட ஓட்டியிருக்கிறார், ரேஸ் சீட்தான் வரவில்லை. 

2004 கதை தெரியுமா? கடைசிச் சுற்று நடந்தது துபாய் ஆட்டோட்ரோமில், நீங்கள் எல்லாம் ராத்திரி கண் முழித்து அஜித்தைப் பார்த்தீர்களே, அதே டிராக். பருவம் முடிந்தபோது ப்ரியோவும் டிர்க் முல்லரும் ஆளுக்கு 111 புள்ளி. சமம். இரண்டு பேரும் பிஎம்டபிள்யூ வேறு. யார் அதிக ரேஸ் ஜெயித்தார் என்று பார்த்துப் பட்டத்தை ப்ரியோவுக்குக் கொடுத்தார்கள். வெற்றி எண்ணிக்கையால் பட்டம் வாங்கின ஆளைப் பார்த்து வெற்றி போதாது என்கிறான் உன் நண்பன்.

இப்போது 2006-க்கு வருவோம். 73 புள்ளி குறைவுதான். ஆனால் இரண்டாவது வந்த யோர்க் முல்லர் எடுத்தது 72! அந்தத் தொடரில் முதல் எட்டுப் பேருக்குத்தான் புள்ளி: 10, 8, 6, 5, 4, 3, 2, 1. 73-ஐ 20-ஆல் வகுத்துப் பார், ஒரு ரேஸுக்கு 3.65. சராசரியாக ஐந்தாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் நடுவில் வந்தவன் உலக சாம்பியன் என்றால், மற்றவர்கள் அதைக்கூட எடுக்க முடியாத அளவுக்கு அடிபிடி நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். நம் ஊர்க் கபடியில் ஒரே ரெய்டில் நாலு பேரை அள்ளிக்கொண்டு வருகிறவனுக்குக் கைதட்டல் அதிகம், ஆனால் ரெய்டுக்கு ரெய்டு ஒரு புள்ளியோடு கோட்டைத் தொட்டுத் திரும்புகிறவனைத்தான் எதிரணிக்குப் பிடிக்காது. ப்ரியோ அந்த ரகம்.

பாளை லேத்:

அண்ணாச்சி சொன்னதில் விதிமுறை கொஞ்சம் விட்டுப்போச்சு, அதைச் சொன்னால்தான் பையனுக்கு விளங்கும்.

அந்தத் தொடரில் ஒரே நாளில் இரண்டு ரேஸ். முதல் ரேஸில் வந்த முதல் எட்டுப் பேரை இரண்டாவது ரேஸுக்குத் தலைகீழாக நிறுத்துவார்கள். எட்டாவது வந்தவன் முதல் இடத்தில் நிற்பான், ஜெயித்தவன் எட்டாவது இடத்தில். அதுபோக நன்றாக ஓடினவன் காரில் அடுத்த பந்தயத்துக்கு எடை ஏற்றிவிடுவார்கள். எடை ஏறினால் என்ன ஆகும்? பிரேக் சீக்கிரம் சூடாகும், வளைவில் டயர் தேயும், நேர்ச்சாலையில் எழும்பாது. அதனால் எல்லா ரேஸையும் ஜெயித்துக்கொண்டே போகிறது என்பது அங்கே நடக்காது, நடக்க விடவும் மாட்டார்கள். கூட்டம் வருவதே முட்டி மோதுகிறதைப் பார்க்கத்தான்.

2007 மக்காவ் கடைசி நாளை எடுத்துக்கோ. ப்ரியோவும், சீட் (SEAT) கம்பெனியின் டீசல் கார் ஓட்டின ஈவான் முல்லரும் (அண்ணாச்சி சொன்ன முல்லர்கள் இல்லை, இவர் வேறு) ஆளுக்கு 81 புள்ளியோடு வந்தார்கள். முதல் ரேஸில் முல்லர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார், கடைசி லேப்பில் எரிபொருள் பம்ப் போச்சு, கார் நின்னு போச்சு. ப்ரியோ அந்த ரேஸில் எட்டாவது. பார்க்கிறவனுக்கு எட்டாவது என்பது தோல்வி. ஆனால் அந்த எட்டாம் இடத்தால் இரண்டாவது ரேஸில் முதல் ஆளாக நின்றார், பின்சக்கர டிரைவ் பிஎம்டபிள்யூவுக்கு நின்ற இடத்தில் இருந்து கிளம்புகிற ஸ்டார்ட் என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி, முன்சக்கரக் கார்கள் டயரைச் சுற்றவிட்டுத் தவிக்கும். போய் ஜெயித்துப் பட்டத்தையும் எடுத்தார். முல்லருக்கு அதிர்ஷ்டம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதிர்ஷ்டம் வருகிற நேரத்தில் அது கைக்கு எட்டுகிற இடத்தில் நிற்கவேண்டும் பாரு, அங்கேதான் ஆள் தெரிவான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உன் ரூம்மேட் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கு. கார் நல்ல கார். 2006-க்காக பிஎம்டபிள்யூ 320எஸ்ஐ என்று ஒரு ரகத்தையே 2,600 மட்டும் செய்து ரோட்டில் விற்றது, ரேஸ் விதிக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காக. இன்ஜின் ஹெட்டுக்கு மேல் கார்பன் ஃபைபர் மூடி போட்ட கார். கம்பெனி அந்த அளவு இறங்கி வேலை செய்தால் டிரைவருக்குப் பாதி வேலை முடிந்தது. சரி, அதே காரை யோர்க் முல்லரும் மற்றவர்களும்தானே ஓட்டினார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மகாராஜநகர் சுதா:

நான் இப்போது இருப்பது நார்தாம்ப்டன். சில்வர்ஸ்டோன் இங்கிருந்து பக்கம். வீட்டுக்காரருக்கு இந்தப் பைத்தியம் இருந்தது, எனக்கும் தொற்றிக்கொண்டது.

எஃப்1 கிடைக்காதவன் ஒதுங்குகிற இடம் என்று சொல்கிறவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே உள்ள பிராண்ட்ஸ் ஹேட்ச் டிராக்குக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அங்கே இண்டி சர்க்யூட் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு, கிண்ணம் மாதிரி பள்ளத்தில் கிடக்கும், மேட்டில் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட முழுச் சுற்றும் தெரியும். பிரிட்டிஷ் டூரிங் காரில் ஒரே நாளில் மூன்று ரேஸ். பேடாக்கில், அதாவது டீம்கள் கார்களை வைத்து வேலை பார்க்கிற இடத்தில், போய் டிரைவர்களிடம் நேராகப் பேசலாம், பிள்ளைகளைக் காரில் உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். கதவோடு கதவு உரசி, பின் பம்பர் தொங்கிக்கொண்டு ஓடும். ஜேசன் பிளேட்டோ என்ற ஆள் இந்தத் தொடர் ஒன்றிலேயே 97 ரேஸ் ஜெயித்தார். காலின் டர்கிங்டன், ஆஷ் சட்டன் ஆளுக்கு நாலு பட்டம். இவர்கள் யாரும் எஃப்1-க்காக ஏங்கிக்கொண்டு இங்கே இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இது வேறு தொழில், அவ்வளவுதான்.

ஜிடி பற்றிக் கேட்டீர்களே தம்பி, அதை ரிட்டயர்மென்ட் என்று நினைக்காதீர்கள். ப்ரியோ ஜிடிக்கு வயதான பிறகு போகவும் இல்லை. 2005-ல் உலக டூரிங் கார் பட்டம் வாங்கிய அதே வருடம், நூர்பர்க்ரிங் 24 மணி நேர ரேஸையும் பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆரில் ஜெயித்திருக்கிறார், பெட்ரோ லாமி, போரிஸ் செட், டங்கன் ஹைஸ்மன் ஆகியோரோடு சேர்ந்து. காட்டுக்குள் 20 கிலோமீட்டருக்கு மேல் நெளிந்து போகிற பாதை, ஒரு பக்கம் மழை, மறுபக்கம் காய்ந்த ரோடு, ராத்திரியில் கத்துக்குட்டி ஓட்டுகிற சின்னக் கார்களும் கூடவே ஓடும். 2011-ல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேர ரேஸில் ஜிடி பிரிவு வெற்றி (பல ரகக் கார்கள் சேர்ந்து ஓடும், ஒவ்வொரு ரகத்துக்கும் தனி வெற்றி), பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் பிரிவில் மூன்றாம் இடம்.

டூரிங் காரில் காரை உங்களுக்குப் பிடித்த மாதிரி அமைத்துக்கொள்ளலாம். ஜிடியில் சீட், பிரேக் பெடல், சஸ்பென்ஷன் எல்லாமே மூன்று பேருக்குப் பொதுவானது, யாருக்கும் முழுசாகப் பிடிக்காது, எல்லோரும் ஓட்டியாக வேண்டும். நீங்கள் எவ்வளவு வேகம் என்பதைவிட, அடுத்தவன் ஏறும்போது காரை எந்த நிலையில் கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் டீம் பார்க்கும். இதோடு பின்னால் இருந்து புரோட்டோடைப் கார்கள், அதாவது ரேஸுக்கென்றே செய்த இன்னும் வேகமான கார்கள், வந்துகொண்டே இருக்கும், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வழிவிட்டுக்கொண்டே உங்கள் ரேஸையும் ஓட்ட வேண்டும். புள்ளிக்குப் புள்ளி சேர்த்த ப்ரியோ மாதிரி ஆளுக்கு இது கையோடு வரும்.

2016-ல் ஃபோர்டு கம்பெனி தன் ஜிடி காரோடு லெ மான்ஸுக்குத் திரும்பியது, 1966-ல் அவர்கள் ஜெயித்து 50 வருடம் ஆன கணக்கு. பிரிவை ஜெயித்தது அவர்களுடைய 68-ம் எண் கார். ப்ரியோ இருந்த 67-க்கு கியர்பாக்ஸ் கோளாறு, ஆரம்பத்திலேயே பின்தங்கிவிட்டது. ஆனால் அந்த வருடக் கடைசியில் ஃபுஜியிலும் ஷாங்காயிலும் ஹாரி டிங்க்னலோடு சேர்ந்து பிரிவை ஜெயித்தார். 2017 லெ மான்ஸ் முடிவுதான் நான் பார்த்ததிலேயே மறக்க முடியாதது. 24 மணி நேரம் ஓடி, கடைசி லேப்பில் முன்னால் போன கார்வெட்டை ஆஸ்டன் மார்ட்டின் பிடித்துவிட்டது. கார்வெட் டயர் பஞ்சராகித் தள்ளாட, பின்னால் வந்த 67-ம் எண் ஃபோர்டு கொடி விழுகிற இடத்தில் அதையும் தாண்டி இரண்டாம் இடத்தைப் பறித்தது. அந்த ஆஸ்டனில் இருந்த டேரன் டர்னரும் பிரிட்டிஷ்காரர்தான், அவரும் டூரிங் கார் ஓட்டியவர், லெ மான்ஸில் 2007, 2008, 2017 மூன்று முறை பிரிவு வெற்றி. எஃப்1 ரேஸ் ஒன்றுகூட ஓட்டாத இந்த இரண்டு பேரையும் கம்பெனிகள் சம்பளம் கொடுத்து வருடக்கணக்கில் வைத்திருந்தன.

பாளை லேத் அண்ணன் காரைப் பற்றிச் சொன்னார்கள், நான் காசைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிடியில் டிரைவர்களுக்கு பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று தரம் உண்டு. பல பிரிவுகளில் ஒரு பிரான்ஸ் டிரைவராவது காரில் இருந்தே ஆகவேண்டும். பெரும்பாலும் அவர் தொழிலதிபராக இருப்பார், செலவை ஏற்பார், பக்கத்தில் சம்பளத்துக்கு ஒரு புரோ டிரைவர், அவருக்குக் கற்றும் கொடுப்பார். ஜிடி உலகம் ஓடுவதே இந்த ஏற்பாட்டில். எஃப்1-ல் 20 சொச்சம் பேருக்குத்தான் பிழைப்பு, இங்கே எத்தனையோ பேருக்குச் சோறு போடுகிறது.

அம்பை கார்த்தி:

சுதா அக்கா, அண்ணாச்சி, லேத் அண்ணன், எல்லோருக்கும் நன்றி. வள்ளியூரான் 3.65 கணக்கைப் பார்த்துவிட்டுக் கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் "சரி, மூணு உலகப் பட்டம் சரிதான், டிடிஎம்-ல என்ன கிழிச்சாரு?" என்று ஜெர்மன் டூரிங் கார் தொடருக்குத் தாவிவிட்டான். அதற்கும் பதில் வேண்டும்.

இன்னொன்று, இது எனக்காக. எங்கள் அப்பாவுக்குக் கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கடை, கோடி ரூபாய் எல்லாம் கிடையாது. நம் பக்கத்தில் இருந்து ஒருத்தன் ஆசைப்பட்டால் எங்கே போய்த் தொடங்குவது?

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:

டிடிஎம்-ல் 2012, 2013 இரண்டு வருடம் ஓட்டினார், பெரிதாக ஒன்றும் இல்லை. மறைக்கவேண்டிய விஷயம் இல்லை, சொல்லிவிடு. அந்தக் கார் பார்க்கத்தான் டூரிங் கார், ஓடுவது ஒற்றை இருக்கைக் கார் மாதிரி, உரசினால் இறக்கைத் துண்டு பறந்து வேகமே போய்விடும். அவருடைய பலம் அங்கே எடுபடவில்லை. 2015-ல் பிரிட்டிஷ் தொடருக்குத் திரும்பி ஒரு வருடம் ஓட்டினார், அதன் பிறகுதான் ஃபோர்டு. இப்போது மகன் செப் ப்ரியோவும் இதே தொழில், 2021-ல் வட அமெரிக்க போர்ஷே கரேரா கப் சாம்பியன்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். நரேன் கார்த்திகேயன் ஆரம்பித்தது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கிற சென்னை டிராக்கில், ஃபார்முலா மாருதி காரில். அந்தக் காரை வடிவமைத்தது கோயம்புத்தூர் கரிவரதன், அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நரேன் எஃப்1-ல் முதலில் ஓட்டியது 2005-ல், அது எல்லோருக்கும் தெரியும். 2019-ல் ஜப்பான் சூப்பர் ஜிடியில் ஹோண்டா ஓட்டி, அந்த வருடக் கடைசியில் ஃபுஜியில் சூப்பர் ஜிடி, டிடிஎம் கார்கள் சேர்ந்து ஓடிய ரேஸ் ஒன்றை ஜெயித்தார் என்பது நம் ஆட்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. உன் ரூம்மேட்டுக்கு ப்ரியோவைவிட இதை முதலில் சொல்லியிருக்கலாம்!

பாளை லேத்:

தம்பி, ஒளிக்காமல் சொல்கிறேன், ஓட்டுவதற்குக் காசு வேண்டும். டிரைவர் ஆகத்தான் வேண்டும் என்றால் கரி டிராக்கில் ஓடுகிற எல்ஜிபி ஃபார்முலா 4 மாதிரி ஸ்விஃப்ட் இன்ஜின் போட்ட கார்தான் இருப்பதிலேயே செலவு குறைந்த வாசல், அதுவும் அப்பளக் கடை வருமானத்துக்குக் கனம்தான். லைசென்ஸ் எஃப்எம்எஸ்சிஐ என்ற இந்திய மோட்டார் ரேஸ் கூட்டமைப்பு கொடுக்கும், அதற்கு முதலில் பயிற்சிப் பள்ளியில் சேரவேண்டும்.

நீ மெக்கானிக்கல் படிக்கிறவன் என்றால் வேறு வழி இருக்கு. டீம்களுக்கு ரேஸ் நாட்களில் கை ஆட்கள் எப்போதும் தேவை. டயர் அழுத்தம் பார்க்க, டேட்டா இறக்க, பிரேக் பேட் மாற்ற. டிராக்கில் கொடி பிடிக்கிற மார்ஷல் வேலைக்கும் ஆள் எடுப்பார்கள், சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் வளைவுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிற இடம் டிக்கெட் எடுத்தவனுக்குக் கிடைக்காது. ஒன்று மட்டும், நாலுவழிச் சாலையில் ராத்திரி பைக்கை முறுக்கிக்கொண்டு போய்ப் பழகுகிறேன் என்று எவனாவது கூப்பிட்டால் போகாதே.

வேய்ந்தான்குளத்தில் இருந்து கோயம்புத்தூர் பஸ் ஏறினால் சிங்காநல்லூரில் இறக்கிவிடுவான், அங்கிருந்து செட்டிபாளையம் பெரிய தூரம் இல்லை. தேசிய சாம்பியன்ஷிப் தேதி வந்ததும் இங்கேயே போடுகிறேன், வள்ளியூரானையும் கூட்டிக்கொண்டு வா.